ஒரே குடையில் போன இருவர்

அக்கா,

இன்று காலை பவுடர் வாசனைதான் உங்கள் நினைவைக் கூட்டிக்கொண்டு வந்தது. என் மகள் வசந்தா, தன் மகள் தர்ஷினியின் முகத்தில் வழக்கத்துக்கு மேலாகப் பவுடரை அப்பிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் கண் சிவந்திருந்தது. நெற்றியைத் தொட்டேன், சுட்டது.

"பெனடோல் மாத்திரை குடுத்திருக்கேன்மா. இன்னைக்கு ஸ்கூல்ல சோதனை."

"படுக்கட்டும், விடு."

"நல்லா இருக்கே! என்னைய மட்டும் காய்ச்சலோட அனுப்பலையா? ஊரெல்லாம் நீங்கதானே சொல்லித் திரிஞ்சீங்க?"

சொல்லித்தான் திரிந்தேன். என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். என் மகள் அதே ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் சோதனை பாஸ் பண்ணினாள். காய்ச்சலோடு போய் எழுதினாள் என்று மஹய்யாவ ஊர் முழுக்கச் சொன்னேன். இன்று அவள் டீச்சர், அதையும் சொல்கிறேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே வேப்பமரம், உங்கள் வீட்டுப் பின்புறத்தில் நின்றது. யார் வீட்டில் அம்மை கண்டாலும் உங்களிடம்தான் கொத்து கேட்டு வரவேண்டும். வாசலில் வேப்பிலை ஏறினால் அந்த வீட்டுப் பிள்ளை வெளியே போகாது, வேறு பிள்ளை உள்ளே வராது. கொத்தை ஒடித்துக் கொடுக்கும்போது எல்லோரிடமும் சொல்வீர்கள்: "ஆத்தா வந்தா வாசல்ல சொல்லிரணும் புள்ள. மறைச்சா கோவிச்சுக்குவா."

வசந்தாவுக்கு அந்தச் சோதனை வாரத்தில் செவ்வாய்க்கிழமை காய்ச்சல் தொடங்கியது. சனிக்கிழமை சோதனை. கடைசிப் பாடங்களைத் தவற விடக்கூடாது என்று தினமும் மாத்திரை கொடுத்து அனுப்பினேன். வெள்ளிக்கிழமை தலை வாரும்போது காதுக்குப் பின்னால் பார்த்தேன். சிவப்புப் புள்ளிகள். சீப்பு கையிலேயே நின்றது.

உங்கள் வீட்டுக்கு நான்கு எட்டுதான். கொத்து கேட்டால் நீங்கள் கொடுப்பீர்கள், வாசலில் கட்டுவேன், சோதனை போய்விடும். நான் முடியைக் காது மறைய இழுத்துப் பின்னினேன். முகத்துக்குப் பவுடர் போட்டேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. வாசலில் உங்கள் மகள் சாந்தி நின்றாள், ஏழு வயது. "அக்கா, சுருக்கா வாங்க, நனையுறேன்!" வசந்தா குடையை விரித்தாள். சாந்தி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். செவ்வாயிலிருந்து அப்படித்தான் போனார்கள், வந்தார்கள். ஒரு குடைக்குள் இரண்டு தலைகள் இறக்கத்தில் இறங்கிப் போவதை நான் நின்று பார்த்தேன். கூப்பிட்டு நிறுத்தும் தூரத்தில்தான் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கொத்துக்கு வந்தேன். நீங்கள் வந்து வசந்தாவைப் பார்த்தீர்கள். அதற்குள் புள்ளி கால்வரை இறங்கியிருந்தது.

"எப்ப கண்டுச்சு?"

"நேத்து ராத்திரிதாங்க்கா."

நீங்கள் அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். எத்தனையோ பிள்ளைகளின் அம்மையைப் பார்த்த கண், புள்ளி காலுக்கு இறங்க இரண்டு மூன்று நாளாகும் என்று அறிந்த கண். பிறகு வேப்பிலையை என் கையில் வைத்துவிட்டு, "சோதனை நல்லா எழுதினாளா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

பத்துப் பதினைந்து நாளில் உங்கள் வாசலிலும் வேப்பிலை ஏறியது. சாந்திக்குப் புள்ளி மறைந்தது, காய்ச்சல் இறங்கவில்லை. காதில் சீழ் வடிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது இடது காது கேட்காமல் போயிருந்தது. பின்னால் நின்று நீங்கள் கூப்பிடக் கூப்பிட அவள் வேறு பக்கம் திரும்பித் தேடினாளே, அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சோதனை முடிவு வந்தபோது முதல் ஆளாக லட்டு கொண்டுவந்தவர் நீங்கள். அதற்குப் பிறகு எத்தனை வருஷம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம்! நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. தெரிந்துதான் கேட்காமல் இருந்தீர்களோ என்ற நினைப்பு, நீங்கள் கண்ணை மூடிய பிறகுதான் அதிகமாக வருகிறது.

இன்று வாசலில் ஒரு குரல் கேட்டது. "தர்ஷினி அக்கா, வாங்க, பஸ் போயிரும்!" அடுத்த வீட்டுச் சின்னவள், கையில் குடை.

எழுந்து போய் வாசலை மறித்து நின்றேன். "அக்கா வரமாட்டா. நீ எட்டி நில்லு. தனியாப் போ ராசாத்தி." அவள் போனபின் தர்ஷினியின் காலில் மாட்டியிருந்த சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன். வசந்தா கத்தினாள். "ஒங்களுக்கு என்னாம்மா ஆச்சு?"

கதிரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, காதுக்குப் பின்னால், பவுடர், குடை. அவள் துண்டை நனைத்துப் பிள்ளையின் முகத்துப் பவுடரைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கச் சிவப்புத் தெரிந்தது. என்ன காய்ச்சலென்று இன்னும் தெரியவில்லை.

பிறகுதான் கேட்டாள்: "சாந்திக்குத் தெரியுமாம்மா?"

ஞாயிற்றுக்கிழமை சாந்தி கட்டுகஸ்தோட்டையிலிருந்து என்னைப் பார்க்க வருகிறாள். அவள் வந்தால் நான் எப்போதும் வலது பக்கம்தான் உட்காருவேன். ஏன் என்று அவள் கேட்டதில்லை. இந்த முறையும் அங்கேதான் உட்காருவேன், அக்கா. கேட்கும் அந்தக் காதில்தான் எல்லாவற்றையும் சொல்லவேண்டும்.