சும்மா வளைத்த குழாய்

மதுரை
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தமிழ்வாணிக்கு,

நலம். அங்கே குளிர் எப்படி? உன் காப்புரிமை மேல்முறையீட்டின் தீர்ப்பை மெயிலில் அனுப்பிவிட்டேன். அதில் இல்லாததை எழுதத்தான் இந்தத் தாள்.

விசாரணைக்கு உன் அப்பாவும் என்னோடு சென்னைக்கு வந்தார். பரவை மார்க்கெட்டில் லீவு சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். ரயிலில் என் எதிரே உட்கார்ந்தார். திண்டுக்கல் தாண்டியதும் ஒன்று கேட்டார். புள்ள செஞ்சது அம்புட்டு லேசான வேலையா தாயி என்று.

காப்புரிமையை மறுத்த அலுவலகத்தார் சொன்னதும் அதுதானே. வெங்காயம் அழுகாமலிருக்க மூட்டைக்குள் காற்றுக் குழாய் வைப்பது பழசு. குழாயை வளைப்பது அதைவிடப் பழசு. சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றும்.

எதிர்த்தரப்பு வக்கீல் கடைசியாக உன் விண்ணப்பத்தையே வாசித்தார். ‘இது சாதாரண யோசனைதான், குழாயைச் சும்மா கொஞ்சம் வளைத்தேன்.’ உன் அடக்கம். அப்படித்தானே நம்மைப் பேசப் பழக்கியிருக்கிறார்கள். எழுதியது நீ. சரிபார்த்த வக்கீல் நான். அந்த வரியை நான் எடுக்கவில்லை. நாம் தங்கியிருந்த நாகமலை ஹாஸ்டலில் நீ குழாயின் படத்தைக் காட்டிய அன்று, இம்புட்டுதானா என்று கேட்டவளும் நான்தான்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். பார்த்த பிறகு எல்லாமே எளிது, பார்ப்பதற்கு முன் வளைக்கச் சொன்னது எது, பழைய ஆவணத்தில் காட்டுங்கள் என்றார். அவர்கள் பக்கம் புரட்டினார்கள். புரட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நான் எழுந்தேன். அந்த ஆவணங்களில் இருப்பது ஒற்றை மூட்டை. மார்க்கெட்டில் மூட்டை தனியாக இருப்பதில்லை. சரியாமல் இருக்க ஒரு வரிசை நெடுக்கே, அடுத்தது குறுக்கே. நேர்க்குழாயின் இரண்டு வாயும் பக்கத்து மூட்டையில் அடைபடும். உன் குழாய்க்கு ஒரு வாய் மூட்டையின் தலையில், ஒன்று விலாவில். எப்படி அடுக்கினாலும் ஒன்றாவது வெளியைப் பார்க்கும்.

சொல்லும்போதுதான் எனக்கே முழுதாகப் புரிந்தது. எல்லோரும் மூட்டையைப் பார்த்தோம். நீ அடுக்கைப் பார்த்திருக்கிறாய்.

மதியத்துக்குப் பிறகு தீர்ப்பு. காப்புரிமை உனக்கு.

வெளியே வந்ததும் அப்பா படியில் உட்கார்ந்தார். முப்பது வருசமா நானும் கூட லோடு ஏத்துற விருமாண்டியும் அடுக்குறோம், அழுகுனத வாரிக் கொட்டுறோம், ஒருத்தனுக்கும் தோணலையே என்றார். பிறகு, அந்த வக்கீலு நல்லாத்தான் பேசுனாரு, ஒரு நாள் லோடு ஏத்த வந்தா தெளிஞ்சிருவாரு என்றார். சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

அடுத்த மாதம் அங்கே நீ பேசப்போகும் உரையை அனுப்பியிருந்தாய். படித்தேன். ‘இது பெரிய விஷயமில்லை’ என்று தொடங்குகிறது.

அந்த வரியை எடுத்துவிடு, வாணி. இந்த முறை நான் சொல்கிறேன்.

நன்றாக இரு.

உன்
காவ்யஸ்ரீ