ஓநாயின் கழுத்தில் நாடா

அன்புள்ள வாண்டுக்கு,

வீடே தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம், உன் இருமல் விட்டதா, குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே.

உன் நாவலின் அச்சுப்படி பிழை திருத்த வந்துவிட்டது. வட ஐரோப்பாவின் நார்ஸ் புராணத்தை வைத்து எழுதியது இவ்வளவு தடியாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அட்டையிலேயே அருவருப்பு தொடங்கிவிட்டது, அந்த ஓநாயையும் சேர்த்து மூன்று பிள்ளை பெற்ற அரக்கியைச் சோப்பு விளம்பரக்காரி மாதிரி வரைந்திருக்கிறார்கள். வழக்கம்போல அச்சுப்படியை அத்தை உரக்கப் படிக்க, நான் உன் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டு வந்தேன். அத்தை புள்ளி, கால்புள்ளி எதையும் விடமாட்டாள், உனக்குத் தெரியுமே. கடவுளர் சூழ்ச்சி செய்து ஓநாய்க் குட்டியை அறுக்க முடியாத மாய நாடாவால் கட்டும் இடத்தில், "கட்டிக்கோடா கண்ணு கால்புள்ளி வெறும் விளையாட்டுதான் முற்றுப்புள்ளி" என்று படித்தாள். என் கையில் இருந்த தாளில் அப்படி ஒரு வரி இல்லை. நீ எழுதியதில் அந்தத் தாய் பாறைக்கு அப்பால் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்துகிறாள். அச்சில் அவளே பிள்ளையின் கழுத்தைத் தடவிக்கொடுத்து நாடாவை முடிச்சுப் போடுகிறாள், அதுவும் புன்னகையோடு. சீ. நம்பிக்கைக்குப் பிணையாக ஓநாயின் வாயில் கையை வைத்துப் பறிகொடுத்தானே ஒரு கடவுள், அவனுக்காவது கொஞ்சம் வெட்கம் இருந்தது. உன் அப்பாவிடம் சொன்னால், ஒரு ஓநாய்க்காக உனக்கு ஏன் இவ்வளவு படபடப்பு என்று கேட்டுவிட்டுக் குறட்டை விடுகிறார்.

பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். முதலில் எழுத்தாளரோட அக்காவா பேசுறீங்க என்றார் முதலாளி. அம்மா என்றதும் குரலில் தேன் வடிந்தது, அம்மான்னாலே தியாகம்தானேம்மா, அந்த இடத்துல படிக்கிறவங்க அழுதிருவாங்க என்றார். பிள்ளையைக் கட்டிப்போட்டு எதிரியிடம் கொடுப்பது என்ன தியாகம் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை: "உங்க பொண்ணு சரின்னு சொல்லிட்டாங்களே."

நான் நம்பவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை, முதல் புத்தகம், ஊர் விட்டு ஊர் போய்த் தனியாக இருக்கிறாய், யாராவது மிரட்டினால் தலையாட்டிவிடுவாயோ என்று பயம். நீ சரி என்று சொல்லவில்லை என்றால் அச்சுப்படியைத் தரமாட்டேன், அச்சகத்து வாசலிலேயே உட்கார்ந்துவிடுவேன். நீயே விரும்பித்தான் மாற்றினாய் என்றால், அதையும் ஒளிக்காமல் சொல், புத்தகம் உன்னுடையது, பல்லைக் கடித்துக்கொண்டு பிழை திருத்தித் தருகிறேன். அப்பா காலையில் இந்தக் கடிதத்தைப் படமெடுத்து உனக்கு அனுப்புவார். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது.

நீ எழுதுவதெல்லாம் நன்றாக வர வேண்டும், நோய்நொடி இல்லாமல் இரு. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. உடனே பதில் எழுது.

உன் அம்மா