முதுகுப் பக்கம் எடுத்த படம்

புவனோஸ் ஐரிஸ்
3 மார்ச் 2014

அன்புள்ள நெலிடா,

நலமா? கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய அட்டையில் உன் பெயரைத் தவிர ஒரு வரி இல்லை. நெகோச்சேயாவின் கடல் காற்று பேனா மையைக் கூடக் குடித்துவிடுகிறதா? என் முழங்கால், மழை வருவதை ஒரு நாள் முன்பே சொல்லிவிடுகிறது. மற்றபடி கிழவன் உயிரோடுதான் இருக்கிறேன்.

ஒரு விஷயத்தை எப்படி எழுதுவதென்று இரண்டு நாள் யோசித்தேன். நீயாகக் கடையில் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட நான் சொல்வது மேல். நான் உன்னை எடுத்த அந்தப் பத்திரிகை அட்டைப்படத்துக்கு இந்தக் குளிர்காலத்தோடு ஐம்பது வயது. அதே வெள்ளைக் கம்பளி உடையையும் அதே கோட்டையும் புதிதாகத் தைத்து, ஒரு தொலைக்காட்சி நடிகையை அதே மாதிரி நிற்கவைத்து எடுத்திருக்கிறார்கள். அவளுக்கு ஏழு மாதம். கோட்டைத் திறந்துபோட்டு வயிறு தெரிய நிற்கிறாள்.

படம் எடுத்த அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இருபது பேர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அந்தப் பெண்ணை ஒருவரும் பார்க்கவில்லை. எடுத்த கையோடு அவளுடைய மேனேஜர், “தாடையக் கொஞ்சம் சின்னதாக்குங்கப்பா” என்றார், தாடை சின்னதானது. அட்டையில் அவள் பெயர் பத்திரிகைப் பெயரைவிடப் பெரிதாக வருமாம். நம் காலத்தில் தையல்காரர், தொப்பிக்காரி, நான் என்று எல்லோர் பெயரும் உள்ளே அச்சாகும், உன் பெயர் மட்டும் இருக்காது. ஊரே உன்னைக் ‘கோட்டுக்காரி’ என்றுதான் சொன்னது. இப்போது உன் பெயரைப் போட ஆசைப்படுகிறார்கள். சம்மதமா?

என்றும் உன் நலம் விரும்பும்,
அன்செல்மோ

*

நெகோச்சேயா
12 மார்ச் 2014

கிழவா,

குறை சொல்வதையே பென்ஷனாக வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். அந்த நடிகை மீது எனக்குக் கோபமில்லை. வயிற்றோடு நிற்கும் பெண்களை இப்போதெல்லாம் சலூனில் கிடக்கும் பத்திரிகைகளில் பார்க்கிறேன். யாரும் கவனிக்காதபோது அந்தப் பக்கத்தின்மேல் கையை வைத்துக்கொள்வேன். பைத்தியக்காரி என்று நினைத்துக்கொள்.

எனக்கு அன்று ஐந்து மாதம். தெரிந்தால் வேலை போய்விடும் என்று நீயும் நானும் சேர்ந்துதானே மறைத்தோம். குளிர்கால இதழ் என்பதால் பிப்ரவரி வெயிலில் கம்பளி உடை. முதுகில் அது மூடவில்லை. பதினான்கு துணி கிளிப் போட்டு இழுத்து நிறுத்தினீர்கள். “ஒல்லிக்குச்சி, மூச்ச உள்ள இழு” என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். அந்தப் படத்தில் என் கண் எங்கோ தொலைவில் பார்க்கிறது என்று எழுதினார்களே, நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது விடுவாய் என்று. “போதும் அன்செல்மோ” என்று சொன்னேன். காதில் விழவில்லை என்று அன்றிலிருந்து சொல்கிறாய். நானும் நம்பிவிட்டேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்தது. பெண் குழந்தை என்று மட்டும் சொன்னார்கள், முகத்தைக் காட்டவில்லை.

பெயரைப் போட வேண்டாம். எனக்கு வேறொன்று வேண்டும். கோட்டை மாட்டுவதற்கு முன்னால், உன் உதவியாளன் தீத்தோ பின்னாலிருந்து, கொஞ்சம் ஓரமாக நின்று ஒரு படம் எடுத்தான். கிளிப்பு சரியாக நிற்கிறதா என்று பார்க்க. அதில் என் வயிறு தெரிந்திருக்கும். அவள் இருந்தாள் என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. உன்னிடம் இருந்தால் அனுப்பு. இல்லையென்றால் இல்லை என்று எழுது, வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

நெலிடா

*

புவனோஸ் ஐரிஸ்
2 ஏப்ரல் 2014

அன்புள்ள நெலிடா,

இருக்கிறது. பெட்டிகளைக் கிளறித் தேடியதில் நாளாகிவிட்டது. இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு அழாதே, அழுதால் உனக்கு இருமல் வந்துவிடும். இதை எப்போதோ உனக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

அன்செல்மோ

*

நெகோச்சேயா
21 ஏப்ரல் 2014

அன்செல்மோ,

உன் கவர் வந்து பத்து நாள் அதனோடுதான் வாழ்ந்தேன். சாப்பிடும்போது மாத்தே தேநீர்க் குவளைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொள்வேன். “இங்க பாருடி, உன் கூட நான் எவ்வளவு அழகா இருந்திருக்கேன்” என்று அதனிடம் பேசினேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று கூட ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். தபாலில் போடுவதற்கு முன் முடி வெட்டிக்கொண்டு போகலாம் என்று சலூனுக்குள் நுழைந்தேன்.

புது இதழ் வந்திருந்தது. அட்டையில் அந்த நடிகை. அவள் வயிற்றுக்குக் கீழே துணியில் ஒரு மடிப்பு, நடுவில் உடைந்து மேலே திரும்புகிறது. என் படத்திலும் அதே இடத்தில், அதே மாதிரி உடைந்த மடிப்பு. வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதுகு என்னுடையது, கிளிப்புகள் என்னுடையவை, வயிறு அவளுடையது. எனக்கு ஐந்து மாதம்தான் என்பதைக்கூட மறந்துவிட்டாயா?

யாருடைய பிள்ளையை எனக்கு அனுப்பினாய்?

நெலிடா

*

புவனோஸ் ஐரிஸ்
29 ஏப்ரல் 2014

நெலிடா,

மறக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் எடுத்த நெகடிவ் அத்தனையையும் மறுநாள் காலையில் பத்திரிகை ஆசிரியை அம்மாள் பார்ப்பார். தீத்தோ எடுத்ததில் உன் வயிறு பளிச்சென்று இருந்தது. அது அவர் கண்ணில் பட்டால் உன் வேலை போகும், என் வேலையும் போகும். அன்று மாலையே பிளேடை எடுத்து நெகடிவில் வயிற்றைச் சுரண்டிவிட்டேன். சுரண்டிய இடம் பிரிண்டில் கறுப்பாகிப் பின்னால் இருந்த கறுப்புத் திரையோடு கலந்துவிடும். நல்ல வேலைப்பாடு என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன். அந்த வாரமே நீ ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தாய். நான் என்ன செய்துவிட்டேன் என்று அதற்குப் பிறகுதான் உறைத்தது. நாம் பிரிந்ததற்கு நூறு காரணம் சொன்னேன். உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

உன் கடிதம் வந்ததும் இப்போதைய பத்திரிகை ஆசிரியை பெலெனிடம் நெகடிவைக் காட்டினேன். அவள் நல்ல பெண். “இவ்வளவுதானா சார்? அந்த நடிகை வயித்த எடுத்து வெச்சிரலாம், அஞ்சு நிமிஷ வேலை” என்றாள். கணினித் திரையில் நீ மறுபடியும் வயிற்றோடு நின்றபோது எனக்கே நம்பத் தோன்றியது. கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை.

இன்னொன்று. “போதும்” என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. “இன்னும் ஒரே ஒரு ரோல் பிலிம், ஒல்லிக்குச்சி” என்று அதற்குப் பதிலும் சொன்னேன். அட்டையில் வந்தது அந்த ரோலில் எடுத்த படம்.

நெகடிவை இத்துடன் அனுப்புகிறேன். அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. திட்டியாவது ஒரு வரி எழுது.

அன்செல்மோ

*

நெகோச்சேயா
8 மே 2014

அன்செல்மோ,

நெகடிவ் கிடைத்தது.

ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். அதில் நான் புகையாகத் தெரிகிறேன். நீ சுரண்டிய இடத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை, வெளிச்சம் அப்படியே உள்ளே வருகிறது. என் கட்டைவிரல் அகலம். ஐந்து மாத வயிறு படத்தில் அந்த அளவுதான் இருந்திருக்கும். அடுத்தவள் பிள்ளையை அனுப்பாமல் முதலிலேயே இதை அனுப்பியிருக்கலாம். நீ சுரண்டிய இடம்தான் என் மகள் இருந்த இடம், வேறு எங்கே அவளைத் தேடுவேன்?

மன்னித்துவிட்டேன் என்று எழுதிய கடிதத்தை அடுப்பில் போட்டேன். நீ சாகும் வரை உடம்பு நன்றாக இருக்கட்டும். கால்வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இனி எனக்குக் கடிதம் போடாதே. வந்தால் பிரிக்கமாட்டேன்.

போதும், அன்செல்மோ. இந்தத் தடவையாவது கேட்டுக்கொள்.

நெலிடா