கறுத்த எண்ணெயைக் கொட்டியது நான்தான்

என்னங்க,

பொரித்த எண்ணெயைத் தேடாதீர்கள், கொட்டிவிட்டேன். கஸ்டமர் வண்டியில் வடித்த கறுப்பு ஆயிலை மறுபடி அதிலேயே ஊற்றுவீர்களா? ஊருக்கே புத்தி சொல்கிற மெக்கானிக்குக்கு நான் சொல்லித் தரணுமா?

அந்தக் கோபத்தில் வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். நெஞ்சுவலிக்குப் பிறகு டாக்டர் கொழுப்பையே ஒழிக்கச் சொல்லவில்லை. கெட்டதை விட்டு நல்லதைச் சாப்பிடச் சொன்னார். பிரிட்ஜில் மீன் குழம்பு, டப்பாவில் வேர்க்கடலை. இரண்டும் நல்ல கொழுப்புதான், தைரியமாகச் சாப்பிடுங்கள்.

வெளியே கிளம்பினால் வீட்டுச் சாவி மீட்டர் பெட்டி மேல்.

பி.கு: சட்டைப் பையில் பேக்கரி பஃப்ஸ் துகள். டாக்டர் விடச் சொன்ன கெட்ட கொழுப்பே அதுதான்; வனஸ்பதிக் கறை துவைத்தும் போகவில்லை. சாயங்காலம் வந்து சண்டை போடுகிறேன்.

இன்னும் முப்பது வருஷம் சண்டை போட எனக்கு ஆள் வேண்டும்.