வாழைத்தொட்டியில் ஊற்றிய பால்

அக்டோபர் 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். குழந்தைத் துணி ஒன்றும் காயவில்லை. கூடத்து வாழையில் இன்னொரு இலை மஞ்சள். நேற்று நிமிர்ந்து நின்றது, இன்று காம்போடு மடிந்து தொங்குகிறது. தாகமாக இருக்கும். ஒரு செம்பு தண்ணீர். பிறகு, பீய்ச்சிய பாலில் பிள்ளை குடித்தது போக மிச்சம்.

பிள்ளை பிறந்ததும் அத்தை புதுப்பட்டித் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த கன்று. இவர் லீவு முடிந்து பட்டாளத்துக்குத் திரும்புமுன் தொட்டியில் நட்டுக்கொடுத்தார். மொட்டைமாடியில் வைத்தால் குரங்கு கிழித்துவிடும், அதனால் கூடத்தில்.

"தாய்ப்பாலைக் கண்ட இடத்துல ஊத்தாதட்டி, வத்திப்போகும். வாழை மூட்டுல ஊத்து." அத்தை சொன்னது. கெமிஸ்ட்ரி படித்தவள் நான். ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பால் குறைகிறது. இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

அக்டோபர் 15, புதன்

ஸ்ரீவில்லிபுத்தூர் போய் டாக்டரிடம் பிள்ளையைக் காட்டினேன். எடை ஏறவில்லை. குடிக்கும்போதே தூங்கிவிடுகிறானாம். பாதத்தைச் சுரண்டி எழுப்பி, அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகப் பாலாடையில் கொடுக்கணும். அடுத்த வாரமும் ஏறாவிட்டால் பால்பவுடர்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா: "ஆம்பளப் புள்ளையா? எலிக்குஞ்சு கணக்கால்ல இருக்கான்." சிரித்தேன். ராஜபாளையம் வரும்வரை சிரித்த முகமாகவே இருந்தேன்.

வீட்டைத் திறந்தால் வாழை மொத்தமாகச் சாய்ந்திருக்கிறது. அது செத்தால் எனக்கும் பால்... எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

அரிசி கழுவின தண்ணீர் ஊற்றினேன். வாங்க: பூண்டு, வெந்தயம், பினாயில். கூடத்தில் பொடிக்கொசு, ஏதோ புளித்த வாடை.

அக்டோபர் 16, வியாழன்

கீழ்வீட்டு ஹவுஸ்ஓனரம்மா படியில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு: "ஏம்மா, தயிர்ச்சட்டியக் கவுத்துட்டியா? கீழ வரைக்கும் நாறுது."

தயிர் இல்லை. மோந்து மோந்து போய் நின்ற இடம் வாழைத்தொட்டி. விரலை விட்டுப் பார்த்தேன். சேறு. தாகமே இல்லை இதற்கு.

தொட்டியைச் சாய்த்து இழுத்தால் கன்று கையோடு வருகிறது. வேரெல்லாம் கறுத்துக் கூழ். தொட்டியின் அடி ஓட்டை சிமெண்ட் பூசி அடைத்திருக்கிறது. இவருக்கு வீடியோ கால்.

"தண்ணி ஒழுகுனா கீழ்வீட்டுல சண்டைக்கு வருவாங்கன்னு நாந்தான் அடைச்சேன். உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

மறந்துட்டாராம். ஊற்றிய தண்ணீர் வெளியே போக வழியில்லை, அதில் என் பாலும் சேர்ந்து புளித்திருக்கிறது. வாடியதைப் பார்த்துப் பார்த்து இன்னும் ஊற்றி, நானே மூழ்கடித்திருக்கிறேன்.

ஸ்க்ரூடிரைவரால் ஓட்டையைக் குத்தித் திறந்தேன். அழுகின வேரைக் காய்வெட்டும் கத்தியால் வெள்ளை தெரியும்வரை சீவினேன். கிழங்கு இன்னும் கெட்டி. புது செம்மண், பாதிக்குப் பாதி மணல். தண்டு மேலே கொளகொளவென்று இருந்தது, ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டேன். வெட்டும்போது அழுகை. பிள்ளையும் அழுதான். யார் முதலில் என்று தெரியவில்லை.

ஜன்னலோரம் ஒரு கட்டை. அவ்வளவுதான் மிச்சம்.

அக்டோபர் 17, வெள்ளி

தூறல் விடவில்லை. வெட்டின இடத்தில், நடுக்குருத்து மட்டும் விரல் உயரம் மேலே வந்திருக்கிறது. இளம்பச்சை. நம்பப் பயமாக இருக்கிறது. உள்ளே இருந்த ஈரம் தள்ளியதாகக்கூட இருக்கலாம்.

மதியம் பீய்ச்சினேன். எழுப்பி எழுப்பிக் கொடுத்தேன். கிண்ணத்தில் ஒரு சொட்டு மிச்சமில்லை. சாயங்காலமும் அப்படியே. அந்த நேரம் பார்த்து அத்தை போன்.

"வாழை எப்படிட்டி இருக்கு?"

"வெட்டிட்டேன் அத்தை. வேர் அழுகிருச்சு."

"எவளைக் கேட்டு வெட்டுன? பொறவு பாலை எங்க ஊத்துத?"

"ஊத்த மிச்சமே இல்ல அத்தை. வத்திருச்சு." அழுதுவிட்டேன்.

"பிள்ளை குடிக்கானா?"

"எழுப்பிக் குடுத்தாக் குடிக்கான்."

"துணி நனைக்கானா?"

"அது ஓயவே இல்ல. கொடி பூராம் அவன் துணிதான்."

"அப்ப அம்புட்டும் அவன் வயித்துக்குள்ளல்ல போயிருக்கு, கிறுக்கி! போனை வையி. போயித் துணியக் காயப்போடு."

கொடியில் இடமில்லை. ஃபேனுக்குக் கீழே நாற்காலி முதுகில் விரித்தேன். அதை விரிப்பதற்குள் இன்னொன்று.