வெள்ளைக் கோழிய இன்னைக்கு அறுக்காதீங்க

என்னங்க,

பின் லயத்து மகதலேனாவுக்கு வலி கண்டிருச்சு, பிரசவம் பாக்கப் போறேன். சோறு வடிச்சாச்சு. ரசம் அடுப்புமேல இருக்கு.

பதினோரு மணி ரயில்ல கிள்ளான்ல இருந்து உங்க அண்ணன் வராரு. அவருக்காக வெள்ளைக் கோழிய அறுத்துராதீங்க. மூணு நாளா கூடைய விட்டு எறங்கல, தீனியும் தொடல. அடைக்கு உக்காந்திருக்கா, சீக்கான்னு எனக்குப் புரியல. கொண்டை சிவப்பாத்தான் இருக்கு, ஆனா கண்ண மூடி மூடித் தொறக்குது. ரயில் எஞ்சின் ஷெட்ல இருந்து வந்ததும் கரிக்கைய கழுவிட்டு, வயித்துக்கு அடியில விட்டுப் பாருங்க. சிலுத்துக்கிட்டுக் கொத்தினா அடை. கொத்தாம சும்மா கெடந்தா சீக்கு. காலையில நான் விட்டப்போ ஒரு தடவை கொத்துச்சு, ஒரு தடவை சும்மா கெடந்துச்சு.

அடைக்கோழின்னா அறுக்கக் கூடாது. சீக்குக்கோழிய விருந்தாளிக்கு வைக்க முடியாது. அப்ப எப்படியும் அறுக்க முடியாதுல்ல? இப்பத்தான் தோணுது. பாசார்ல மீன் வாங்கிருங்க.

நேத்து உங்கமேல கத்தினது கோழிக்காக இல்ல. அண்ணனைப் பத்தி நீங்க பேசினதுக்கு.

கெர்ட்ரூட்

இன்னொண்ணு. உங்க அண்ணி செத்ததுல இருந்து ஒரு வருஷமா அவர் நம்மகிட்டப் பேசல. கோபம்னு நீங்க சொல்றீங்க. எனக்குத் தெரியல. சாவுக்கு லேட்டா வந்தீங்கன்னு இன்னைக்கு அவர் திட்டினா, எதுத்துப் பேசாம வாங்கிக்குங்க. திட்டாம, எல்லாத்துக்கும் சரி சரின்னு உக்காந்திருந்தா உடனே என்னைக் கூப்பிடுங்க. பிள்ளை பொறந்தாலும் பொறக்காட்டியும் ஓடி வந்துடறேன்.