காலியாக இருந்த கடைசி வகுப்பு

அன்றைக்கு பஸ் நிறுத்தத்தில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்று ஆரணிக் கடைத்தெருவில் ஒரு பட்டுக்கடையைத் தாண்டும்போது புதுப் புடவைகளின் வாசனை வாசலுக்கு வந்தது. உள்ளே ஒரு பெண் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். நின்றுவிட்டேன்.

ஒரே கல்லூரியில் நாம் இருவரும் கௌரவ விரிவுரையாளர்கள். நீ பொருளாதாரம், நான் தமிழ். "கௌரவம் கரெக்டா வந்துகினு இருக்குடி, சம்பளம்தான் வரல" என்பாய். சம்பளம் வராத மாதங்களில் மாலையில் இப்படியொரு கடையில்தான் புடவை மடித்தாய். தாமதமானால் பாதிக் கூலி போய்விடும். என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாய்.

முள்ளிப்பட்டிலிருந்து, நெசவாளியான அப்பாவோடு புடவை கொடுக்க வந்த உன் மாணவி ஒருத்தி உன்னை அங்கே பார்த்துவிட்டாள். நீ கவனிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து உன் கடைசி வகுப்புக்கு யாரும் வரவில்லை. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கேள்வி கேட்டா, பெல் அடிச்சாலும் பதில் சொல்லிகினே நிக்கறாங்க மேம். அவங்க கடைக்குப் போற பஸ் போயிடுது. அதான் எல்லாரும் பேசி வெச்சுகினு போயிடறோம். அவங்க கிட்ட சொல்லிடாதீங்க, கடையில பாத்தது தெரிஞ்சா அசிங்கமா நெனப்பாங்க."

நீயோ இன்னும் நன்றாக நடத்த வேண்டும் என்று நினைத்தாய். தக்காளி விலையை வைத்து விளக்கப்படம் வரைந்து வந்தாய். காலி பெஞ்சுகளின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அதைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாய்.

"நெஜமா சொல்லுடி. என் கிளாஸ் அவ்ளோ பேஜாரா?"

"சீ, இல்லடி."

உண்மையைச் சொன்னால், நீ கடையில் நிற்பது வகுப்புக்கே தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், பிள்ளைகளுக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்று நம்புவாய். எது உன்னை அதிகம் வருத்தும் என்று யோசிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. உனக்கு உட்கார இடம்கூடக் கிடைத்தது.

ஒருநாள் முதல்வர் அந்தக் காலி வகுப்பைப் பார்த்தார். மாணவர்களுக்கு உன் பாடத்தில் ஈடுபாடு இல்லை என்று முடிவாயிற்று. துறைத்தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "சம்பளம் நம்ம கையிலயா இருக்கு? விடுங்கம்மா" என்றார். அடுத்த பருவத்தில் உனக்கு வகுப்பே தரவில்லை.

அந்த மழைக்காலக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். சந்தவாசலில் உன் வீட்டுக்கு வகுப்பு மொத்தமும் வந்திருந்தது. கடைசி பஸ் போன பிறகும் யாரும் எழுந்து போகவில்லை.